காத்திருத்தல் ஒரு தொழிலா?

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் வாக்கு. கேட்போர் சிரிப்பர். சிரித்தவர்களே தம் பிள்ளைகளுக்கு வழிகாட்டும்போது அதனை வேதவாக்காகக் கொள்வர். கோழியைப் பற்றியோ, மேய்ப்பவரின் திறனைப் பற்றியோ இவ்வாக்கிற்குக் கவலை இல்லை. சம்பளம் தருபவர் யார் என்பதொன்றே அதன் கேள்வி. தொழிலைப் பற்றி எமது சமுதாயம் கொண்டுள்ள கருத்து முழுவதும் இதனுள் அடங்கிவிடுகிறது.

இக்கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. குடியேற்ற ஆட்சிக்கு ஆங்கிலம் அறிந்த எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். மிஷன் பாடசாலைகள் அவர்களை உருவாக்கிக் கொடுத்தன. கிணற்று நீரை இறைத்துப் பயிர் செய்து வாழ்ந்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெரும் பாதுகாப்பாயின. கொழும்புக் கந்தோர்களிலும் மலாயாப் புகையிரதப் பகுதியிலும் உழைத்த பணம் ஊரில் கல்வீடுகளாக எழுந்தது. அன்றைய நிலையில் அது விவேகமான தெரிவே. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது கல்வியின் வாயில் விரிந்தது. கனவு மட்டும் பழைய கந்தோரைவிட்டு அகலவில்லை. பட்டதாரிகள் பெருகிய வேகத்தில் நாற்காலிகள் பெருகவுமில்லை.

1971 ஏப்ரலில் தென்னிலங்கை இளைஞர் ஆயுதமேந்தினர். அதே ஆண்டில், டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் தாபனம் அமைத்த குழு இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. வேலைவாய்ப்புகளையும் எதிர்பார்ப்புகளையும் பொருந்தச் செய்வதே அதன் தலைப்பு. அரை நூற்றாண்டு கழிந்தும் நோய் தீரவில்லை. 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா படியுடன் பெருந்தொகையாகப் பயிலுநர்களாகச் சேர்த்தது. ஆற்றவேண்டிய பணிகளை எண்ணியா இது நடந்தது? பட்டங்களை எண்ணியே நடந்தது. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த முடியாதென அறிவித்தபோது, மேய்ப்பதற்குக் கோழி இல்லை என்பதும் வெளியாயிற்று.

இந்நிலையில் இளைஞரைப் பழிப்பது எளிது. "பட்டதாரிகள் உடல் வளைத்து வேலை செய்யமாட்டார்கள்; சுயதொழில் தொடங்கட்டும்" என்று மேடைதோறும் உபதேசிக்கின்றனர். "மனத்தை மாற்று, பணம் தானாக வரும்" என்று முன்னேற்ற நூல்கள் ஓதுகின்றன. இவர்கள் விசுவமடுவின் கதையை ஒருமுறை கேட்பது நன்று. படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தின் கீழ் அங்கு சென்றவர்கள் காடு வெட்டினர். மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டனர். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் அவற்றுக்கு நல்ல விலை கிடைத்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இறக்குமதிப் பொருள் குவிந்தது. உள்ளூர்ச் செய்கையாளர் நொடிந்தனர். அவர்களது மனவுறுதியிலா குறை இருந்தது? கொள்கையொன்று ஒரே ஆண்டில் மாறும்போது தனிமனித முயற்சி மட்டும் என்ன செய்யும்?

மலையகத்தையும் நோக்குவோம். நீண்ட போராட்டத்தின் பின்னரே 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. குறித்த அளவு கொழுந்து நிறையாவிட்டால் அரைப்பேர்தான். இருபது நாள் முழுப்பேர் பெற்ற பெண்ணின் உழைப்பும், பயிலுநர் பட்டதாரி பெற்ற மாதப்படியும் ஒரே தொகை. ஆனால் ஒருவர் உத்தியோகத்தர், மற்றவர் கூலி. ஒருவர் ஓய்வூதியத்தை எதிர்பார்க்கலாம், மற்றவர் முதுகுவலியை எதிர்பார்க்கலாம். சீதனம் பேசும் வீட்டில் ஒருவரின் நியமனக் கடிதத்துக்கு விலை உண்டு. மற்றவரின் கைக்கு விலை இல்லை. இக்கணக்கை எமது இளைஞர் சரியாகவே போட்டிருக்கின்றனர். பாதுகாப்பும் மதிப்பும் மறுக்கப்பட்ட உழைப்பை மறுப்பவரைச் சோம்பேறி என்பது அவதூறாகும்.

ஆயினும் எமது அணியையும் கண்டியாது விடமுடியாது. கச்சேரி வாயிலில் நாம் உயர்த்தும் பதாகையில் "வேலை" என்று எழுதியிருக்கும். அதன் பொருளோ "நாற்காலி". ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் அதற்குச் செலுத்தவேண்டும். நாம் தேநீர் அருந்தும் கடையின் பையனுக்கு அது செலுத்தப்படுகிறதா என்று எமது சங்கங்கள் கேட்டதுண்டா? வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்பவரின் முதுமைக்கு என்ன ஏற்பாடு என்று தீர்மானம் நிறைவேற்றியதுண்டா? பாதுகாப்பு அரச நாற்காலியோடு மட்டும் பிணைக்கப்பட்டிருக்கும்வரை எல்லோரும் அதனையே மொய்ப்பர். எல்லாத் தொழிலுக்கும் அப்பாதுகாப்பைக் கோரும் போராட்டம், கூலியாளுக்கும் நன்மை, பட்டதாரிக்கும் விடுதலை.

காத்திருக்கும் ஆண்டுகள் ஓர் இளைஞனை என்ன செய்கின்றன என்பதையும் சிந்திக்கவேண்டும். இருபத்தைந்து வயதில் பட்டம் பெற்றவன், தையல் இயந்திரத்தில் உழைக்கும் தங்கையிடம் பஸ் கட்டணம் கேட்கிறான். வாங்கும் கைக்குத் தீர்மானிக்கும் உரிமை கிடையாது. நாளடைவில் தீர்மானிக்கும் ஆற்றலும் தேய்கிறது. பெண்ணின் நிலை இதனினும் கொடிது. கலைப்பீடங்களில் பெரும்பான்மையினர் பெண்களே. நியமனம் வரும்வரை அவள் "சும்மா இருக்கிறாள்" என்பர்; அச்சும்மாவுக்குள் சமையலும் நோயாளர் பராமரிப்பும் தம்பியின் பாடமும் அடக்கம். ஒரு பணியைப் பொறுப்பேற்று, அதன் குறைக்குத் தானே விடைகூறி, அதன் ஊதியத்தைத் தானே எண்ணிப் பார்க்கும்போதுதான் ஆளுமை முதிர்கிறது. தன் உழைப்பின் விலையை அறியாதவர் பிறர் உழைப்பையும் மலிவாகவே மதிப்பர்.

எனவே தோழர்களே, முதலில் எமது நாவைத் திருத்துவோம். "தகப்பனாரின் தொழில்" என்னும் கட்டத்தில் "கூலி" என்று எழுதக் கூசி வெற்றிடம் விடும் வழக்கம் எம்மிடையே ஒழியட்டும். விடுமுறையில் கடையிலோ வயலிலோ அச்சகத்திலோ உழைத்தவர் அதனை மறைக்காது கூறட்டும். நியமனம் கோரும் ஊர்வலத்தில் கொழுந்துக்கும் கடைக்கும் வயலுக்கும் உரிய கோரிக்கைகளும் சமமாக எழுதப்படட்டும். அவ்வாறு எழுதத் துணியாதவரை எமது கோரிக்கை நீதிக்கான கோரிக்கையாகாது. சலுகைக்கான விண்ணப்பமே ஆகும்.