ஆறும் வரையா, ஆறாத வரையா?

சிவகாசிப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருடம் இங்கிலீஷ் நடத்தினேன். என் பிள்ளைகளை அதிகம் கவிழ்த்தவை இரண்டு இணைப்புச் சொற்கள்: அன்டில், அன்லெஸ்.

திரி கருகியும் வெடிக்காத பட்டாசைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். அம்மா பட்டாசு ஆலைக்குப் போகும் பையன் ஒருவன் எழுதினான்: ‘டோன்ட் டச் இட் அன்டில் இட் இஸ் நாட் கூல்.’ அவன் மனதில் ஓடியது, ‘ஆறாத வரை தொடாதே’. தமிழில் அது சரி. ‘ஆறும் வரை தொடாதே’ என்றாலும் பொருள் மாறாது. இங்கிலீஷில் அன்டில் எல்லையைக் காட்டும் சொல். அங்கே ‘நாட்’ நுழைந்தால், சூடான பிறகு தொடு என்றாகிவிடும்.

அன்லெஸ் இன்னும் பொல்லாதது. அதற்குள்ளேயே ஓர் ‘இல்லை’ இருக்கிறது. ‘உரிமம் இல்லாவிட்டால் விற்காதே’ என்று நினைத்து ‘டோன்ட் செல் அன்லெஸ் யூ டோன்ட் ஹேவ் எ லைசென்ஸ்’ என்று எழுதினால், உரிமம் இல்லாதவன்தான் விற்கலாம் என்று வரும்.

இத்தனைக்கும் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டில் பல வருடம் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் எங்களுடையது. கோடிட்ட இடம் நிரப்புவது பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால்தான் தடுமாறுகிறார்கள். இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் வாடையே கூடாது என்று நாங்கள் அடம்பிடித்ததன் பலன் இது. ‘உரிமம் இருந்தாலொழிய விற்காதே’: அன்லெஸ்ஸுக்கு அச்சாகப் பொருந்தும் சொல் ‘ஒழிய’. அதைச் சொன்ன நாளில்தான் என் வகுப்புக்கு விளங்கியது. அன்டிலுக்கு ‘ஆறும் வரை’யை வைத்துக்கொள், ‘ஆறாத வரை’யை வீட்டுப் பேச்சுக்கு விட்டுவிடு என்றேன். தமிழை வெளியே நிறுத்திவிட்டு இந்தப் பாடத்தை நடத்த முடியாது.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். அன்றுதான் எங்கள் பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்குக் காரணம் இலக்கணப் பிழை அல்ல. ஆனால் அதன்பிறகு, ‘தொடாதே’ என்று வரும் வாக்கியத்தை ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

பாடநூல் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எடுத்துக்காட்டு வாக்கியங்களில் வரும் ஜானையும் மேரியையும் கொஞ்சம் ஓரமாக உட்கார வையுங்கள். பட்டாசுப் பெட்டியில் இருக்கும் எச்சரிக்கையைத் தமிழிலும் இங்கிலீஷிலும் அருகருகே போட்டுப் பாடமாக்குங்கள். அந்தப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பதும் எங்கள் ஊர் அச்சகங்கள்தான். பிழை இருந்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.