அழாத பிள்ளைக்கு வலிக்காதா?

பேரனைப் பற்றி போனில் விசாரித்த எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நலமாக இருக்கிறான். தையல் பிரித்தாயிற்று. தோசை கேட்கிறான்.

ஆனால் ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரி மனசை விட்டுப் போகவில்லை. ஆறு வயசுப் பிள்ளை, குடல்வால் ஆபரேஷன். அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். "சமத்துப் பையன், அழவே இல்லை" என்று பாராட்டிவிட்டுப் போனார் பகல் ஷிப்ட் நர்ஸ். எனக்கும் பெருமை. சத்தம் போடாத பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று 34 வருஷம் வகுப்பில் சொன்னவன் அல்லவா! (உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.)

இரவு வந்த நர்ஸ் சின்னப் பெண். வலிக்குதா என்று கேட்கவில்லை. சிரிப்பிலிருந்து அழுகை வரை ஆறு முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டி, "உன் வயிறு இப்ப எந்த மூஞ்சி?" என்றார். கடைசிக்கு முந்தின முகத்தில் விரலை வைத்தான். ஏன்டா சொல்லலை என்றேன். "சொன்னா ஊசி போடுவாங்க தாத்தா."

டாக்டரிடம் கேட்டு, டிரிப் குழாய் வழியாகவே மருந்து கொடுத்தார். ஊசி இல்லை. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அட்டையோடு வந்தார். இப்போது இரண்டாவது முகம். அப்புறம்தான் பிள்ளை தூங்கினான்.

பேசத் தெரியாத குழந்தைக்கு? முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்று ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மார்க் போடுவார்களாம். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்ததாம். அந்த சீனியர் இல்லாவிட்டால் என் பேரன் விடிய விடிய சமத்தாகவே கிடந்திருப்பான்.

1980கள் வரை பச்சிளங்குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பி, பெயருக்கு மயக்க மருந்து கொடுத்தே பல இடங்களில் அறுத்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு போன டாக்டர் ஆனந்த், சரியான வலி மருந்து கொடுத்த குறைமாதக் குழந்தைகள் ஆபரேஷனுக்குப் பின் நன்றாகத் தேறுவதை 1987இல் காட்டினார். அதற்கப்புறம்தான் மாறியது.

பகல் நர்ஸை நான் குறை சொல்லவில்லை. அத்தனை கட்டிலுக்கும் அவர் ஒருவர்தான். ஆனால் இந்தப் பயிற்சி, நல்ல சீனியர் வாய்த்தால் கிடைக்கும் அதிர்ஷ்டமாக இருக்கக்கூடாது. காய்ச்சல், நாடி எழுதும் அதே சார்ட்டில் வலிக்கும் ஒரு கட்டம் வேண்டும். ஆபரேஷனான முதல் நாள், பிள்ளை அழட்டும் என்று காத்திராமல் மணிப்படி மருந்து தர வேண்டும். கொடுத்தபின் திரும்ப வந்து பார்க்க வேண்டும். ஒரு நாள் வகுப்பெடுத்து சர்டிபிகேட் கொடுத்தால் இது வராது. வார்டில் கூடவே நின்று சொல்லித்தர வேண்டும்.

என்னிடம் படித்தவர்களில் நாலைந்து பேர் நர்ஸாக இருக்கிறீர்கள். உங்கள் வார்டில் அந்த அட்டை இருக்கிறதா? கீழே எழுதுங்கள்.