சராசரியைக் காட்டி விதைமஞ்சளைத் திணிக்காதீர்கள்

மானிய விதைமஞ்சள் எல்லா வட்டாரங்களுக்கும் ஒரே ரகமாகத்தான் வழங்கப்படும் என்ற முடிவில் மாற்றமில்லை என்று விதை விநியோக அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். விவசாயிகள் கொடுத்த மனுக்களுக்கு வந்த ஒரே விளக்கம், அந்த ரகத்தின் சராசரி மகசூல் அதிகம் என்பது. இந்த விளக்கத்தை ஏற்க முடியாது.

காலிங்கராயன் வாய்க்கால் பாசன வயலும் தாளவாடி மலைக்காடும் ஆத்தூர்ப் பக்கத்துக் கிணற்றுத் தோட்டமும் ஒன்றல்ல. மண் வேறு, மழை வேறு, இரவுக் குளிர் வேறு. ஒரு ரகம் ஓரிடத்தில் ஏக்கருக்கு 14 டன்னும் இன்னோரிடத்தில் 6 டன்னும் தருகிறது, மற்றொன்று இரண்டு இடத்திலும் 10 டன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் 6 டன் எடுத்தவர் கடனாளி ஆகிறார். அவருடைய நஷ்டத்தை மறைக்கத்தான் சராசரி பயன்படுகிறது.

இடத்துக்கு இடம் வரும் இந்த ஏற்ற இறக்கத்தை அளக்க வழியில்லாமல் இல்லை. இடம் செழிக்கச் செழிக்க ஒரு ரகத்தின் மகசூல் எந்த வேகத்தில் ஏறுகிறது, அந்தப் போக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிடும் முறையை எபர்ஹார்ட், ரஸல் ஆகிய இருவரும் 1966-லேயே வகுத்துத் தந்துவிட்டார்கள். நறுமணப் பயிர்களுக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் பல மாநிலங்களில் ரகங்களை நட்டுப் பார்ப்பதும் இதற்காகத்தான். இந்த ரகம் எந்த மண்ணில் எவ்வளவு விளைந்தது, வறண்ட ஆண்டில் எவ்வளவு சரிந்தது என்ற விவரத்தை விவசாயி முன் வைக்க ஏன் தயக்கம்?

மஞ்சளில் இந்தத் தவறின் விலை அதிகம். ஏக்கருக்கு முக்கால் டன் அளவுக்கு விதைக்கிழங்கு வேண்டும். நட்டால் ரகத்தைப் பொறுத்து ஏழு முதல் ஒன்பது மாதம் நிலம் அதற்கே கட்டுப்பட்டுக் கிடக்கும். கிழங்கிலிருந்து வளர்வதால் வயல் முழுக்க ஒரே மரபணு அமைப்பு. கிழங்கு அழுகலோ நூற்புழுவோ தாக்கினால் தாக்குப்பிடிக்க வேறு செடி இருக்காது. அறுவடையில் எடுத்துவைக்கும் விதையோடு நோயும் அடுத்த ஆண்டுக்குப் போகும். ஈரோட்டு உள்ளூர் மஞ்சளை எக்ஸ் கதிருக்கு உட்படுத்திப் பவானிசாகரில் உருவாக்கிய பிஎஸ்ஆர்-1 போன்ற, இந்த மண்ணிலிருந்தே வந்த ரகங்கள் மானியப் பட்டியலில் இல்லாதது ஏன் என்று கேட்டால் பதிலே வருவதில்லை.

இதே கைகள்தான் முன்பு மிளகுக்கொடியையும் பங்கிட்டன. 1971-இல் கேரளத்தில் வெளியான பன்னியூர்-1 நல்ல கலப்பினம். ஆனால் அதற்கு வெளிச்சம் வேண்டும், அடர்நிழலில் காய்ப்பு குறையும். இது தெரிந்தும் நிழல் மூடிய மலைத்தோட்டங்களுக்கு அதையே அனுப்பினார்கள். கொடி மரமேறியது, சரம் பிடிக்கவில்லை. காய்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு யாரும் ஈடு தரவில்லை. விதைமஞ்சளிலேயே, நடவுப் பருவம் முடியும் தறுவாயில், முளை காய்ந்த கிழங்கை இறக்கிவிட்டுப் போன ஆண்டையும் மக்கள் மறக்கவில்லை. அப்போதும் விசாரணை இல்லை, வருத்தம் தெரிவித்து ஒரு வரியும் இல்லை.

ஒவ்வொரு முறையும் முடிவு மேலிருந்து வருகிறது, நஷ்டம் மட்டும் வயலுக்குப் போகிறது. மழை தவறிய ஆண்டில் கைவிடும் ரகத்தை, நல்ல ஆண்டின் கணக்கைக் காட்டித் தலையில் கட்டுவது அநியாயம். தெரியாமல் செய்தார்கள் என்று இனியும் சொல்ல முடியாது. ஒற்றை ரக முடிவைத் திரும்பப் பெறுங்கள். எந்த மண்ணுக்கு எது நிலையாக விளையும் என்பதை அந்தந்த வட்டார விவசாயிகளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அதற்கு மனமில்லாதவர்களுக்கு விதை விநியோகத்தில் என்ன வேலை?