சுன்னத்தைப் புட்டியில் அடைத்து விற்காதீர்கள்



‘சுன்னத் சோப்பு’, ‘நபிவழிக் கூந்தல் தைலம்’ என்ற விளம்பரங்கள் அண்மைக் காலமாக நம் கைபேசிகளுக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. சாதாரணச் சோப்பில் சிறிது கருஞ்சீரக எண்ணெயும் தேனும் சேர்த்துப் பன்மடங்கு விலை வைக்கிறார்கள். அதனோடு மறுமை நன்மையையும் சேர்த்து விற்கிறார்கள்.

வணிகத்தை நாம் குறை கூறவில்லை. நபி (ஸல்) அவர்களே வணிகம் செய்தவர்கள்தாம். வீட்டிலிருந்தே சோப்புத் தயாரித்துக் குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நாம் மறுப்பது ஒன்றே ஒன்றைத்தான்: நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் விற்பது. அவர்கள்மீது இட்டுக்கட்டுவது எத்தகைய குற்றம் என்பதை மதரஸாவின் இளம் மாணவரும் அறிவார்.

ஹதீஸ் நூல்களில் இருப்பதுதான் என்ன? இலந்தை இனத்து இலை! இஸ்லாத்தை ஏற்க வந்த கைஸ் இப்னு ஆஸிம் (ரலி) அவர்களைத் தண்ணீராலும் இலந்தை இலையாலும் குளிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மாதவிடாய்க்குப் பின் குளிப்பதைப் பற்றிக் கேட்ட பெண்மணிக்கும் அதையே கூறினார்கள். தம் மகளார் வஃபாத்தானபோது, தண்ணீராலும் இலந்தை இலையாலும் குளிப்பாட்டி இறுதியில் கற்பூரம் சேர்க்கச் சொன்னார்கள். அந்த இலையில் நுரை தரும் இயல்பு இருக்கிறது. அது விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளன்று. அம்மக்களின் சுற்றுப்புறத்தில் விளைந்தது. ஜனாஸாவைக் குளிப்பாட்ட இன்றும் இலந்தை இலை தேடும் நாம், உயிரோடு இருப்பவருக்கு அதைப் பட்டிக்காட்டுப் பழக்கம் என்று ஒதுக்குவது என்ன நியாயம்?

நம் ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அனைவரும் மகிழ்ந்தோம். முத்திரை விழுந்த இலைக்கு மதிப்பு. முத்திரையற்ற இலந்தைக்கும் அரப்புக்கும் சீயக்காய்க்கும் மதிப்பில்லை. நோய் இலையில் இல்லை, நம் பார்வையில் இருக்கிறது.

நம் உம்மாமார் செய்தவை எளியவை. பத்துப் பூந்திக்கொட்டைகளின் விதையை நீக்கி, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்துக் கொதிக்கவைத்து வடித்தால் தலைக்கும் துணிக்கும் தரைக்கும் ஆகும். நம் கடலோர ஊர்களின் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும்; இந்தச் சாறு அவ்வாறு திரிவதில்லை. உடம்புக்குப் பயத்தமாவும், பித்தளைக்குப் புளியும் உப்பும், பல்லுக்கு மிஸ்வாக்கோ வேப்பங்குச்சியோ போதும். மிஸ்வாக் செய்வதில் மட்டும் சுன்னத்தின் நன்மையை ஆதரவு வைக்கலாம். பயத்தமாவு வெறும் பயத்தமாவே.

இங்கே மார்க்கச் சட்டம் ஒன்றையும் நினைவூட்டுகிறோம். ஷாஃபிஈ மத்ஹபின்படி, தூய பொருளேயாயினும் அது கலந்து தண்ணீர் பெரிதும் மாறிவிட்டால், அந்நீரால் கடமையான குளிப்பு நிறைவேறாது. ஆகவே சீயக்காய் தேய்த்தபின் கலப்பில்லாத நீரை உடல் முழுதும் ஊற்றிக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்து மிகைக்கும் நாம் உடன்படவில்லை. ‘இயற்கை’ என்ற சொல் எல்லாவற்றையும் பாதுகாப்பானதாக ஆக்கிவிடாது. பூந்திக்கொட்டைச் சாறு கண்ணில் பட்டால் எரியும். சில நாட்களில் கெட்டும்போகும். அது கிருமிநாசினியன்று, நோயாளி இருக்கும் வீட்டில் மருத்துவர் சொல்வதையே கேளுங்கள். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் செல்லாதீர்கள். கழிப்பறைக்கு ஊற்றும் பிளீச்சிங் திரவத்தோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் எழும். கைகழுவும் சோப்பையும் கைவிட வேண்டாம்.

‘நேரமில்லை, பாக்கெட் மலிவு’ என்பார்கள். கொட்டை ஊறுவதற்கு நாம் அருகில் காவலிருக்க வேண்டியதில்லை. பாக்கெட்டின் விலையோ கடையோடு முடிவதில்லை. கிழித்தெறிந்த உறை வாய்க்காலில் விழுந்து, தாமிரபரணி வழியே புன்னைக்காயல் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. அது மன்னார் வளைகுடா. 1986-இல் அதன் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஒரு காலத்தில் முத்துக் குளித்த கடலில் இன்று ஷாம்பு உறை மிதக்கிறது. பூமியில் குழப்பம் விளைவிக்காதீர்கள் என்ற இறைக்கட்டளையை மிம்பரில் கேட்டுவிட்டு, வாசலில் உறையைக் கிழித்தெறிவது எவ்வகைத் தக்வா?

எனவே விற்போரே, உங்கள் சோப்பை அதன் தரத்தைச் சொல்லி விற்றுக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்களின் பெயரை விளம்பரப் பலகை ஆக்காதீர்கள். வாங்குவோரே, ‘சுன்னத்’ என்று எழுதியிருந்தால் எந்த நூலில், எந்த ஹதீஸ் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு, நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ பூந்திக்கொட்டை வாங்கிச் செல்லுங்கள்.

அல்லாஹ் நம் உடலையும் உள்ளத்தையும் வியாபாரத்தையும் தூய்மையாக்குவானாக. ஆமீன்.