பெட்டியின் அடியில் ஒளித்த ஊசி



கோடை விடுமுறை நெருங்கினால் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைகளிலும் மதரஸாச் சுவர்களிலும் முகாம் விளம்பரங்கள் தோன்றிவிடும். பத்து நாள் முகாம், தங்குமிடமும் உணவும் உண்டு என்று எழுதியிருப்பார்கள். பிள்ளைகள் நாலு பேரோடு பழகட்டும் என்று பெற்றோரும் அனுப்பி வைக்கின்றனர். நல்ல வழக்கந்தான். ஆனால், அன்றாடம் மருந்தின் துணையோடு வாழும் பிள்ளையைப் பெற்றவளுக்கு அந்த விளம்பரத்தைக் கண்டதுமே நெஞ்சு படபடக்கும்.

சென்ற ஆண்டு மே மாதம் எங்கள் தெருச் சகோதரி ஒருவர், தம் பதினொரு வயது மகளை முகாமுக்கு அனுப்பப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அச்சிறுமிக்கு ஏழு வயதிலேயே நீரிழிவு கண்டுவிட்டது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் நீரிழிவு போன்றதன்று இது. கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறத்தாழ நிறுத்திவிடும் முதல் வகை. இனிப்புத் தின்றதால் வந்ததுமன்று, ஒட்டிக்கொள்வதுமன்று. மாத்திரையால் ஆகாது, நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டே தீரவேண்டும்.

பெட்டியை எட்டிப் பார்த்தேன். துணிகளுக்கெல்லாம் அடியில், ஒரு பழைய தாவணிக்குள் ஊசியும் மருந்தும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"குளியலறைக்குள் போய்ப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன் லாத்தா. ஆலிமாவிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். நாளைக்கு இவளை யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்றார்.

துபையிலிருக்கும் வாப்பாவோ, "அனுப்பவே வேண்டாம்" என்று தொலைபேசியில் கூறிவிட்டாராம். உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆனால் அந்தப் பிள்ளையின் முகம்! தெருப் பிள்ளைகள் எல்லாரும் போகும்போது தான் மட்டும் வீட்டில் இருப்பதற்கு அவள் செய்த குற்றந்தான் என்ன?

கனடாவின் டொரான்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது 1922-இல். மூன்றே ஆண்டுகளில், 1925-இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வென்ட் என்னும் மருத்துவர் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே ஒரு கோடை முகாம் தொடங்கிவிட்டார். அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி உண்டு. ஒளிப்பதற்கு யாருக்கும் எதுவுமில்லை. நம் ஊர் முகாமில் நூறு பிள்ளைகளுக்கு நடுவே இவள் ஒருத்தியாக இருப்பாள். ஆகவே அந்த ஒருத்தியைப் பற்றி அறிந்தவர் ஒருவராவது அங்கிருக்க வேண்டுமன்றோ?

நான் அஞ்சியது நோயை அன்று. அந்த ஒளிவு மறைவையே. சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சிறப்புப் பேச்சாளர் அரை மணி நேரம் நீட்டிவிடுகிறார் (நம் பேச்சாளர்களைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்?). உணவு வரவில்லை, மருந்தோ வேலையைத் தொடங்கிவிட்டது. இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குகிறது. வியர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், காரணமின்றிச் சினம் வரும், பேச்சுத் தடுமாறும். அறியாதவர் கண்ணுக்கு அது அடம் பிடிப்பதாகத் தோன்றும். மாலையில் ஓடியாடிய பிள்ளைக்கு நள்ளிரவில், உறக்கத்திலேயே கூட இவ்வாறு இறங்கலாம். அப்போது தாவணிக்குள் சுருட்டிய ஊசி யாருக்கு உதவும்?

அன்று மாலையே இருவரும் ஆலிமாவைச் சந்திக்கச் சென்றோம். மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதியிருந்தோம். இவளுக்கு உணவு நேரம் தவறக்கூடாது. சோர்வு கண்டால் உடனே சோதித்து, 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் மீண்டும் கொடுக்கவேண்டும். நினைவு தவறினால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து மருத்துவமனைக்கு விரையவேண்டும். வாந்தியெடுத்தாலும் இன்சுலினைத் தாமாக நிறுத்தக்கூடாது, மருத்துவரைக் கேட்கவேண்டும். திறக்காத மருந்து குளிர்பதனப் பெட்டியில் இருக்கட்டும், உறைபனிப் பகுதியில் மட்டும் வேண்டாம். திறந்த மருந்தை மே மாத வெயிலுக்குத் தப்புவிக்க, ஈர மணலில் பதித்த சிறு மண்பானையும் கொடுத்தோம். எல்லாம் இரண்டு பங்காக எடுத்துச் சென்றாள். விளையாட்டு மிகுதி என்பதால் மருத்துவர் மருந்தின் அளவையும் சற்றுக் குறைத்திருந்தார். இதைத் தாமாகச் செய்துவிடாதீர்கள் சகோதரிகளே. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

ஆலிமா தாளை இருமுறை படித்தார். சோதனைக் கருவியைத் தம் விரலிலேயே குத்திப் பழகிக்கொண்டார். அவர் முகம் சுளித்திருந்தால், "எங்களுக்கேன் பொறுப்பு" என்றிருந்தால், பிள்ளையைத் திரும்ப அழைத்து வந்திருப்போம். கற்றுக்கொள்ள மனமில்லாத இடத்துக்கு இத்தகைய பிள்ளையை அனுப்பலாகாது.

திருமணப் பேச்சைப் பற்றி அச்சகோதரியிடம் ஒன்றே கேட்டேன்: "மறைத்துக் கட்டிக்கொடுத்தால், கணவன் வீட்டிலும் குளியலறைக்குள்தான் ஊசி போட்டுக்கொள்வாளா?" அவர் பதில் பேசவில்லை.

முகாமில் ஒரு வியாழக்கிழமை பிள்ளைகள் சுன்னத்தான நோன்பு வைத்தனர். தானும் வைப்பேன் என்று இவள் அழுதாளாம். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை எடுத்துச் சொல்லி, ஸஹரில் எல்லாருக்கும் பரிமாறும் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்தார் ஆலிமா. ஆறாம் நாள் இரவு பக்கத்துப் பாயில் படுத்திருந்த சிறுமி எழுந்து, "இவளுக்கு ரொம்ப வியர்க்கிறது" என்று ஆலிமாவை எழுப்பினாள். சோதித்தபோது 58. குளுக்கோஸ் தண்ணீர், பின்பு இரண்டு பிஸ்கட். அரை மணி நேரத்தில் 110. மறுநாள் காலைதான் தாய்க்குத் தகவல் வந்தது. ஓடிப்போய் அழைத்து வந்துவிடவா என்று கேட்டு நின்றவரை, நான்தான் இருக்கச் சொன்னேன். அன்று முழுதும் அவர் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் அவள் மறுபடியும் போகிறாள். தாள் புதிதாக எழுதியாகிவிட்டது. வாப்பா மட்டும் இரவு பத்து மணிக்கு ஒருமுறை ஆலிமாவை அழைத்துக் கேட்டுக்கொள்வேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். ஆலிமாவும் சரியென்றுவிட்டாராம்.