அக்கிக்கு மூன்று நாள் கெடு

அண்ணா 1969இல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பிறந்த காஞ்சிபுரத்தில், காரப்பேட்டையில், அவர் பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கீமோதெரபி முடிந்து வீடு திரும்புகிறவருக்கு முடி கொட்டும், வாந்தி வரும் என்பதெல்லாம் தெரியும். விலாவில் ஒரு பக்கம் மட்டும் எரிந்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பினால்? அதுதான் அக்கி. ‘உடம்புச் சூடு’ என்பார்கள் வீட்டில். அடுத்து, குயவரிடம் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வது.

இதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஈர மண் எரிச்சலைச் சற்றுத் தணிக்கும். உடல் வலு உள்ளவருக்குச் சில வாரங்களில் அக்கி தானே வடிந்துவிடும். பேர் காவிக்குப் போகும்.

எதிர்ப்பாற்றல் குன்றியவர் கதை வேறு. எப்போதோ வந்துபோன சின்னம்மையின் வைரஸ், நரம்பு முடிச்சுகளில் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கிறது. புற்றுநோய் மருந்து, மாற்றுச் சிறுநீரகத்துக்கான மாத்திரை, நெடுநாள் ஸ்டீராய்டு, எச்ஐவி என ஏதோ ஒன்று காவலைத் தளர்த்தினால் அது எழுந்துவிடலாம். உடல் முழுக்கப் பரவலாம். கண்ணை, நுரையீரலை, மூளையைக்கூடத் தாக்கலாம். இளம் வயதில் அக்கி கண்டால் மருத்துவர் எச்ஐவி பரிசோதனை கேட்பதும் இதனால்தான்.

அக்கிக்கு மருந்து அசைக்ளோவிர். 1988இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியானுக்கு இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு உண்டு. வைரஸின் நொதியே இந்த மருந்தை முடுக்கிவிடுகிறது; அதனால் தொற்றில்லாத செல்களுக்குப் பெரிய சேதமில்லை. வழக்கமான அளவு 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள். நோய் பரவிவிட்டால் மருத்துவமனையில் சேர்த்து இரத்த நாளம் வழியாக ஏற்ற வேண்டும். சிறுநீரகத்தின் நிலை பார்த்தே அளவு முடிவாகும் என்பதால் கடையில் தானாக வாங்கி விழுங்குவது ஆபத்து.

கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். எதிர்ப்பாற்றல் குறைந்தவர் தாமதமாக வந்தாலும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் தறியில் பாவு ஏறியிருக்கிறது, கூலி சேலைக் கணக்கு. அந்த மூன்று நாள் எப்படிப் போகும் என்று அங்கே சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கீமோ முடித்து அனுப்பும்போதே நோயாளி கையில் இந்த 72 மணி நேர எச்சரிக்கையைத் தமிழில் அச்சிட்டுத் தரலாம். அக்கி எழுதும் குயவர்களையும் சுகாதாரத் துறை அழைத்துப் பேச வேண்டும். ‘வேறு வைத்தியம் ஏதும் நடக்கிறதா?’ என்று குயவர்கள் தம்மிடம் வருகிறவரைக் கேட்டு, ஆம் என்பவரை அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டும்.