பெயருக்கும் பட்டாவா?

விலையை நிர்ணயிப்பது போட்டிதான் என்று நமக்குப் பாடம் சொல்லிவைத்த ஆடம் ஸ்மித், 1723-இல் ஸ்காட்லாந்தின் கிர்க்கால்டி ஊரில் பிறந்தவர். அதே ஊர்ப் பெயர் அடிபட்ட ஒரு வழக்கைப் பாருங்கள். பாடத்தின் லட்சணம் தெரியும்.

1863-இல் பிரெடரிக் வால்ட்டன் என்ற ஆங்கிலேயர் லினோலியத்துக்குப் பேடண்ட் உரிமை வாங்கினார். ஆளிவிதை எண்ணெயைக் காற்றுப்பட இறுகவைத்து, பிசினும் தக்கைத்தூளும் சேர்த்து, முரட்டுத் துணிமேல் அழுத்திய தரைவிரிப்பு அது. பதினான்கு வருஷம் அந்தச் சரக்குக்கு விலை வைக்க ஒரே கை. போகட்டும், மூளையைச் செலவழித்தவனுக்குக் கூலி வேண்டாமா? வேண்டியதுதான்.

ஆனால் தவணை முடிந்தபின்? கிர்க்கால்டியின் நேர்ன் கம்பெனி 1877-இல் அதே விரிப்பைச் செய்யத் தொடங்கியதும், வால்ட்டன் நிறுவிய கம்பெனி கோர்ட்டுக்கு ஓடியது. சரக்கை யாரும் செய்யலாமாம். லினோலியம் என்ற சொல் மட்டும் தங்கள் சொத்தாம்!

எத்தனை சாமர்த்தியம்! கடைக்கு வரும் குடும்பப் பெண், 'இறுகிய எண்ணெயும் தக்கைத்தூளும் கலந்த விரிப்பு கொடுங்கள்' என்றா கேட்பாள்? லினோலியம் என்றுதான் கேட்பாள். அந்தப் பெயரைச் சொல்லி விற்க ஒருவனுக்கே உரிமை என்றால், விலையும் அவன் சொன்னதுதானே? வாசலைத் திறந்துவிட்டு வழியை அடைக்கும் இந்தத் தந்திரத்தை வியாபார சாதுரியம் என்று மெச்சுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அது திருட்டாகவே படுகிறது.

நல்லவேளை, நீதிபதி ஃபிரைக்கும் அது செல்லவில்லை. அந்தப் பொருளுக்கு வேறு பெயரே கிடையாது. ஆகையால் அதைச் செய்கிறவர்கள் எல்லாரும் அப்படியே அழைக்கலாம் என்று 1878-இல் வழக்கைத் தள்ளிவிட்டார்.